கவர் படம் வரவில்லையா? ஸ்டீரியோவை மாற்றும் முன் ஃபைலைப் பாருங்கள்

கேள்வி (குரோம்பேட்டை வாசகர்): பழைய சிடிக்களை எம்பி3 ஆக்கி, பென் டிரைவில் போட்டுக் காரில் கேட்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லா ஆல்பத்துக்கும் கவர் படம் தெரிகிறது. காரில் பாதிக்கு மேல் வரவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் காட்டினேன். “மாடல் பழசு சார், புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டுடுங்க” என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சில ஆல்பங்களுக்காவது படம் வருகிறதென்றால் அந்த வசதி உங்கள் ஸ்டீரியோவில் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் ஃபைலில்தான்.

கம்ப்யூட்டரில் தெரிவதை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஐடியூன்ஸில் ‘கெட் ஆல்பம் ஆர்ட்வொர்க்’ கொடுத்து வரவழைத்த படம் பாட்டு ஃபைலுக்குள் போவதில்லை. அந்த மென்பொருளின் தனி ஃபோல்டரில் தங்கிவிடும். வேறு சில பிளேயர்கள், பாட்டுகளோடு கிடக்கும் ‘ஃபோல்டர்’, ‘கவர்’ என்ற பெயருள்ள படத்தை எடுத்துக் காட்டும். பாட்டை மட்டும் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் படம் வீட்டிலேயே நின்றுவிடும். கார் ஸ்டீரியோ பெரும்பாலும் ஃபைலுக்குள் பதிந்த படத்தைத்தான் தேடும்.

உள்ளே படம் இருந்தும் வராவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ‘புரோகிரசிவ்’ ஜேபெக்கை, அதாவது முதலில் மங்கலாக வந்து படிப்படியாகத் தெளியும் ஜேபிஜி படத்தை. இணையத்தில் எடுக்கும் படங்களில் இது சகஜம். கம்ப்யூட்டர் சிரமமில்லாமல் காட்டும், பல ஸ்டீரியோக்களுக்குப் படிக்கத் தெரியாது. ‘வெப்பி’ (WebP) என்ற வேறு வகைப் படத்துக்கு ஜேபிஜி என்று பெயரை மட்டும் மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. பெயர் மாறினால் படத்தின் வகை மாறாது. அளவும் முக்கியம். 5 எம்பி உள்ள 3000 பிக்சல் பிஎன்ஜி ஒன்றைப் பதிந்தால், அது ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் தனித்தனியாக உட்காரும். பத்துப் பாட்டுக்கு 50 எம்பி வீண், ஸ்டீரியோவும் திணறும். பாட்டுப் பெயர், பாடகர், கவர் படம் எல்லாம் ஃபைலுக்குள் பதியும் இடம்தான் ‘டேக்’; எம்பி3-க்கான அதன் வடிவம் ஐடி3. அது 2.4 பதிப்பில் இருந்தாலும் பழைய ஸ்டீரியோக்கள் சில தடுமாறும்.

சரிசெய்ய இரண்டு மென்பொருள் போதும்: இர்ஃபான்வியூ, எம்பி3டேக். விண்டோஸில் வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் இலவசம். இர்ஃபான்வியூவில் படத்தை 500க்கு 500 பிக்சலாக்கி, ஜேபெக்காகச் சேமியுங்கள். சேமிக்கும்போது வரும் சின்னப் பெட்டியில் ‘புரோகிரசிவ்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தரம் 85 போதும். படம் சுமார் 100 கேபிக்குள் அடங்கும்.

அடுத்து எம்பி3டேக். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக் என்று போய், எழுதும் வகையை ஐடி3 2.3, யுடிஎஃப்-16 (தமிழ் எழுத்தையும் பதியும் முறை) என்று வையுங்கள். ஐஎஸ்ஓ-8859-1 வைத்தால் தமிழில் எழுதிய பாட்டுப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ஆல்பம் ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோல்-ஏ கொடுத்து எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் கீழே படம் இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து பழைய படத்தை நீக்கிவிட்டு, புதியதைச் சேருங்கள். நீக்காமல் சேர்த்தால் ஒரே ஃபைலில் இரண்டு படம் இருக்கும். எது தெரியும் என்று சொல்ல முடியாது. கடைசியில் கன்ட்ரோல்-எஸ்.

ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் இப்படிச் செய்து, காரில் போட்டுப் பாருங்கள். படம் வந்தால் உங்கள் பணம் மிச்சம். வராவிட்டால் மட்டும் புதிய ஸ்டீரியோவை யோசியுங்கள். அப்போதும் இதே பென் டிரைவைக் கடைக்கு எடுத்துப்போய், டெமோ பீஸில் செருகி, படமும் தமிழ் எழுத்தும் வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வசதி வேலை செய்யாமல், கடைக்காரரும் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): ஒரே சினிமாப் படத்தின் ஆறு பாட்டு, போனில் ஆறு ஆல்பமாகப் பிரிந்து நிற்கிறது. சிலவற்றில் வேறு படத்தின் கவர் வருகிறது. ஏன்?

பதில்: தமிழ்ச் சினிமாப் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் பாடகர் வேறு. பாட்டின் டேக்கில் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடம் காலியாக இருந்தால் பிளேயர் பாடகரை வைத்துப் பிரித்துவிடும். ஆறு பாட்டுக்கும் அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ஒரு புள்ளியோ இடைவெளியோ கூடினாலும் தனி ஆல்பம்தான். ஆல்பம் பெயரின் வாலில் ஏதாவது இணையதளப் பெயர் ஒட்டியிருந்தால் அதையும் வெட்டுங்கள்.

வேறு கவர் வருவது பெரும்பாலும் ஒரே தலைப்பால். ‘பில்லா’ 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு, முன்னதற்கு எம்.எஸ்.விஸ்வநாதன், பின்னதற்கு யுவன் சங்கர் ராஜா. ஆல்பம் பெயரோடு ஆண்டையும் சேர்த்து ‘பில்லா 1980’ என்று வைத்தால் குழப்பம் தீரும். திருத்திய பிறகும் போன் பழைய படத்தையே காட்டினால், பிளேயர் ஆப்பின் கேஷை (தற்காலிகமாகச் சேமித்து வைத்திருப்பதை) மட்டும் அழியுங்கள். ‘டேட்டா’வை அழித்தால் பிளேலிஸ்டும் போய்விடலாம்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகி): என் கர்நாடக இசை சிடிக்களுக்கு இணையத்தில் படமே கிடைக்கவில்லை.

பதில்: அட்டையை நீங்களே ஸ்கேன் செய்யுங்கள் அம்மா, இணையத்தில் கிடைப்பதைவிடத் தெளிவாகவே வரும். சிடி அட்டை ஏறக்குறைய 12 செ.மீ. சதுரம், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 1400 பிக்சல் கிடைக்கும். அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரியாமலிருக்க, ஸ்கேனர் மென்பொருளில் ‘டீஸ்க்ரீன்’ இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். பெரிய ஸ்கேனைத் தனியாக வைத்துக்கொண்டு, பாட்டில் பதிய 500 பிக்சல் நகலைப் பயன்படுத்துங்கள்.