நிலம் விற்ற காசில் பசுமை வருமா?

வணக்கம் ஐயா,

சீன நகரங்கள் நிலத்தை விற்றே காலம் தள்ளுகின்றன என்று சென்ற கட்டுரையில் வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்தப் பணத்தில்தானே மெட்ரோவும் மின்சாரப் பேருந்தும் வந்தன? பசுமை வளர்ச்சிக்கு அது நல்லதுதானே?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

மெட்ரோ வந்தது உண்மை. அதற்கான பணம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1993இல் சீனாவின் மொத்த அரசு வருவாயில் சுமார் 22 சதவீதமாக இருந்த மத்திய அரசின் பங்கு, வரிப் பகிர்வை மாற்றியமைத்த 1994இல் 55 சதவீதத்தைத் தாண்டியது. பள்ளி, சாலை, மருத்துவமனைச் செலவெல்லாம் உள்ளூர் அரசுகளின் தலையிலேயே நின்றது. அவற்றின் கையில் மிஞ்சியது நிலம். கிராமத்துக் கூட்டுடைமை நிலத்தை, விளைச்சல் மதிப்பைக் கணக்கிட்டு ஏதோ கொடுத்துக் கையகப்படுத்தி, வீடு கட்ட 70 ஆண்டு உரிமையை ஏலம் விட்டார்கள். 2021இல் நில விற்பனையில் கிடைத்தது சுமார் 8.7 லட்சம் கோடி யுவான்.

அதே நகரம் தொழிற்சாலைக்கு மட்டும் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும். ஆலை வந்தால் வருடா வருடம் வரி வரும், ஆட்கள் குடியேறுவார்கள், மனை விலை ஏறும். பக்கத்து ஊரும் இதையே செய்யும். நிலம் மலிவு என்றால் முந்திக்கொண்டு வருவது இடத்தை அடைத்துப் புகை கக்கும் ஆலைகள்தான். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: அந்த ஆலையின் கழிவுநீரைச் சோதிக்க வேண்டிய நிர்வாகமே அதை வருந்தி அழைத்து வந்தது. கண்டிப்பு எங்கிருந்து வரும்?

2018 முதல் சுற்றுச்சூழல் வரி இருக்கிறது, வசூலும் முழுக்க உள்ளூர் அரசுகளுக்கே. ஆனால் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி யுவான். நில வருமானத்தில் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

நீங்கள் கேட்ட பேருந்துக்கே வருகிறேன். 2021க்குப் பின் வீட்டுச் சந்தை சரிந்தது. 2024இல் நில வருமானம் ஐந்து லட்சம் கோடிக்கும் கீழே போய்விட்டது. நடுவே, 2023 பிப்ரவரியில், ஹெனான் மாகாணத்து ஷாங்சியூ நகரில் பேருந்தே ஓடாது என்று அறிவிப்பு வந்தது. அரசு மானியம் வந்து சேராததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள்.

விற்ற மனையை மறுபடி விற்க முடியாது. ஆண்டுதோறும் வரும் சொத்து வரிதான் மாற்று என்று உறுதியாக நம்புகிறேன். ஷாங்காயும் சோங்சிங்கும் 2011இலேயே அதைச் சோதனையாகத் தொடங்கின. மற்ற நகரங்களுக்கும் விரிவாக்க 2021இல் அனுமதி கிடைத்தது. வீட்டு விலை ஆட்டம் கண்டதும் அடுத்த ஆண்டே தள்ளிப்போட்டுவிட்டார்கள்.