மேக்கப் போட்ட முகத்தில் மறுபடி சன்ஸ்கிரீன் பூசுவது எப்படி?

கேள்வி: எனக்கு 32 வயது. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில் ஒரு வீட்டுமனை விற்பனை நிறுவனத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மனை பார்க்க வருபவர்களை வில்லியனூர், பாகூர் பக்கம் காரில் அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். மேக்கப் இல்லாமல் போக முடியாத வேலை. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூசச் சொல்கிறார்கள். மேக்கப் மேல் பூசினால் திட்டுத் திட்டாகிவிடுகிறது. எஸ்.பி.எஃப். உள்ள ஃபவுண்டேஷனும் பவுடரும் போதாதா? மங்குக்கு மெடிக்கலில் கொடுத்த ஒரு க்ரீமை மூன்று மாதமாக இரவில் போடுகிறேன். சன்ஸ்கிரீன் பூசிப் பூசித்தான் முகம் கறுக்கிறது என்கிறார் மாமியார். என்ன செய்வது?

மருத்துவர் பதில்: முதலில் ஒரு நிம்மதியான செய்தி. மதியம் முகத்தைக் கழுவி எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. மேக்கப் மேலேயே பூசலாம். ஆனால் அப்படிப் பூசுவது காலையில் பூசியதற்குத் துணைதான். காலையில் மேக்கப்புக்கு அடியில் போகிற அந்த முதல் பூச்சு சரியாக இல்லையென்றால், பிறகு எத்தனை முறை ஒற்றி எடுத்தாலும் ஈடு கட்டாது. என்னிடம் மங்குக்காக வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை சன்ஸ்கிரீனைக் கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். ட்யூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துத் தருவது. நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. சுலபமாகச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: 50 கிராம் ட்யூபை நீங்கள் ஒருவர் மட்டும் தினமும் பூசினால் ஒன்றரை மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். நான்கைந்து மாதம் வருகிறது என்றால் அளவு போதவில்லை. ஒரேயடியாகப் பூசக் கஷ்டமாக இருந்தால், பாதியைப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு மீதியைப் பூசுங்கள். அப்புறம் பத்து, பதினைந்து நிமிடம் முகத்தைத் தொடாதீர்கள். புடவை கட்டுவதோ டிபன் பாக்ஸ் கட்டுவதோ அந்த நேரத்தில் ஆகட்டும். ஈரம் வற்றுவதற்குள் ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் அடியில் இருப்பது உருண்டு கிளம்பிவிடும். மதியம் திட்டுத் திட்டாகத் தெரிவதற்கு பாதிக் காரணம் காலையில் நடந்த இந்த அவசரம்.

எஸ்.பி.எஃப். 30 என்பது முகத்தைச் சிவக்க வைக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்பது சுமார் 98. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் நாம் குறைவாகப் பூசுகிறவர்கள் என்பதால் 50 வாங்குவது நல்லது. பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ் இருக்க வேண்டும். அது யு.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கான கணக்கு. ஃபவுண்டேஷனில் உள்ள எஸ்.பி.எஃப். 20-ஐ இதோடு கூட்டி எழுபது என்று எண்ண வேண்டாம், எண்கள் அப்படி ஒன்றோடொன்று சேராது. அதை மட்டும் நம்பவும் முடியாது, ஏனென்றால் ஃபவுண்டேஷனை யாரும் இரண்டு விரல் அளவுக்கு அப்புவதில்லை. சன்ஸ்கிரீன் பவுடரும் அப்படித்தான். அதில் எழுதியிருக்கும் எண் கிடைக்க வேண்டுமானால் கோலமாவைக் கொட்டியதுபோல முகம் வெளுத்துத் தெரிய வேண்டும். எண்ணெய் பிசுக்கை எடுக்க, மற்றதன் மேல் கடைசியாகத் தட்டிக்கொள்ளப் பவுடரை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மதியம் எப்படிப் பூசுவது? வியர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தண்ணீர் மாதிரி இளகிய அல்லது ஜெல் வகை சன்ஸ்கிரீனைக் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து, விரல் நுனியால் தொட்டுத் தொட்டு அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, இதுதான் முக்கியம். நெற்றி, மூக்குத் தண்டு, கன்னத்து மேடு, மேலுதடுக்கு மேல், இந்த வரிசையில் போங்கள். மங்கு படர்கிற இடங்களும் இவைதான். ஒரு சுற்று முடிந்து ஒரு நிமிடம் கழித்து இன்னொரு சுற்று. கடைசியில் காம்பாக்ட். ஐந்து நிமிட வேலை. மேக்கப் ஸ்பாஞ்சிலும் ஒற்றலாம், ஆனால் அது பாதியைத் தானே குடித்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈர ஸ்பாஞ்சைப் பையில் மூடி வைத்தால் கிருமி வளர்ந்து முகத்தில் சீழ்ப்பொரி கிளம்பும். பயன்படுத்துவதென்றால் தினமும் சோப்புப் போட்டு அலசிக் காய வையுங்கள்.

ஸ்டிக் வடிவம் கைப்பைக்கு வசதி. ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை போய் வந்தால்தான் பலன், முடிந்ததும் அதன் மேல்பரப்பை டிஷ்யூவால் துடைத்து மூடுங்கள். ஸ்ப்ரேயை முகத்துக்கு நேராக அடிக்கவே வேண்டாம். மூச்சில் போகும், கண்ணில் படும். கடற்காற்றில் பாதி பறந்தும் போய்விடும். ஸ்ப்ரேதான் இருக்கிறது என்றால் கையில் அடித்துக்கொண்டு முகத்தில் ஒற்றுங்கள்.

இரண்டு மணி நேரக் கணக்கு வெளியில் நிற்பவர்களுக்கானது. அலுவலகத்துக்குள் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும்போது கடிகாரம் பார்த்துப் பூச வேண்டியதில்லை. மனை காட்டக் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பூசுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, வியர்த்துக் கொட்டித் துடைத்தாலோ மறுபடி பூசுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அர்த்தம். நம் பகுதியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே நிற்கும், ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுபடியும் அப்படி. கத்திரி முடிந்து ஒரு மழை பெய்ததும் சன்ஸ்கிரீனை ஓரம் கட்டுகிறவர்கள் உண்டு. சூடு குறைந்தாலும் கதிர் குறையவில்லை.

பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கடலூரிலிருந்து வடக்கே போகிறீர்கள், வெயில் கிழக்கே, அதாவது உங்கள் வலப்பக்கம். சாயந்திரம் தெற்கே திரும்புகிறீர்கள், வெயில் மேற்கே. அப்போதும் வலப்பக்கம்தான். ஆகவே போக வர இரண்டு வேளையும் இடப்பக்கம் உட்காருங்கள். அரியாங்குப்பம் வரை கன்னத்தில் விழும் வெயிலை இது செலவில்லாமல் தடுக்கும். கண்ணாடி மூடியிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பஸ், கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்தாலும் யு.வி.ஏ.யைக் கணிசமாக உள்ளே விடும்.

இப்போது மங்கு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில், புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும். வழக்கமான வெள்ளை சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது இரும்பு ஆக்சைடு என்ற நிறமி. தோல் நிறத்தில் வரும் டின்டட் சன்ஸ்கிரீனில் அது இருக்கிறது. பெரும்பாலான ஃபவுண்டேஷன்களிலும் அதுதான் நிறம் தருகிறது. ஆக, உங்கள் மேக்கப் இந்த விஷயத்தில் உங்களுக்கு உதவியே செய்கிறது. மதியம் ஒற்றுவதற்கும் டின்டட் வகையே வாங்குங்கள். திட்டும் தெரியாது, மங்குக்கும் நல்லது.

உங்கள் மாமியார் பார்த்ததும் பொய்யில்லை. எண்ணெயும் வியர்வையும் சேர்ந்ததும் சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன் இரண்டுமே மங்கிச் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். முகம் கழுவினால் போய்விடும் கறுப்பு அது. பூசிய இடத்தில் எரிச்சலோ அரிப்போ இருந்தால் மட்டும் அந்தப் பொருளை நிறுத்துங்கள், ஏனென்றால் அந்த எரிச்சல் ஆறும்போது உண்மையாகவே கறுக்கும். வியர்வையோடு வழிந்து கண் எரிகிறது என்றால் கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ளதைப் பூசிப் பாருங்கள். இன்னொன்று: ட்யூபை ஸ்கூட்டர் டிக்கியிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் மருந்து கெட்டுப்போகும்.

மனை காட்டும்போது குடை பிடியுங்கள், தயவுசெய்து. வாடிக்கையாளர் முன்னால் கூச்சமாக இருந்தால் அவருக்கும் ஒன்று கொண்டுபோங்கள். திறந்தவெளியில் மணலும் தரையும் கீழிருந்து கொஞ்சம் கதிரைத் திருப்பி அனுப்பும் என்பதால் குடை மட்டும் போதாது, ஆனால் குடை இல்லாத சன்ஸ்கிரீனைவிடக் குடையோடு சேர்ந்த சன்ஸ்கிரீன் எவ்வளவோ மேல்.

என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது அந்த மூன்று மாத க்ரீம். மங்குக்கு மெடிக்கலில் எடுத்துக் கொடுக்கும் க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அதன் பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும், பருவும் பூனைமுடியும் வரும், நிறுத்தினால் மங்கு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். ட்யூபில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் இஷ்டத்துக்குத் தொடரவும் வேண்டாம், மூன்று மாதத்துக்குப் பிறகு சட்டென்று நிறுத்தி அவதிப்படவும் வேண்டாம். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரியில் ஜிப்மரின் தோல் நோய்ப் பிரிவு உங்களுக்கு எட்டும் தூரம்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா, குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாத்திரை மங்கைக் கூட்டும். பால் கொடுப்பவர்களுக்கு மருந்தே மாறும். போகும்போது அந்த க்ரீம் ட்யூபை, தீர்ந்துபோயிருந்தாலும், கையோடு எடுத்துப் போங்கள்.