செவில் நகரில் ஒரு நாள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாட்ரிட்டில் பணிபுரியும் என் கொழுந்தனாரைப் பார்க்க, மகளின் பள்ளி விடுமுறையில், மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு செல்கிறோம். அங்கிருந்து ஒரு நாள் செவில் நகரைப் பார்த்துவர விரும்புகிறோம். மாமனாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, மாமியாருக்கு மூட்டுவலி, மகளுக்கு எட்டு வயது. உறவினர் ஒருவர் பன்னிரண்டு இடங்கள் கொண்ட பட்டியல் அனுப்பியிருக்கிறார். காலையில் ரயிலேறி, அனைத்தையும் பார்த்துவிட்டு, அன்றிரவே திரும்ப இயலுமா?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: ரயிலைப் பொறுத்தவரை இயலும். 1992இல் தொடங்கிய அதிவேக ரயில் மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்திலிருந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் செவிலைச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அந்தத் திட்டம் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த ஊரில் நண்பகலுக்குப் பிறகு சில மணி நேரம் பெரியவர்கள் காலை நீட்டிப் படுக்க ஓர் அறை கட்டாயம் வேண்டும். முந்தைய நாள் மாலையே போய், பேராலயத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்துவிடுங்கள். கூடுதலாகும் செலவுக்கு இணையான நிம்மதி கிடைக்கும்.

இதற்குக் காரணம் வெயில். நாம் கத்திரி வெயிலில் வளர்ந்தவர்கள் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஸ்பெயின் 1940 முதல் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் கடிகாரத்தை மேலும் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கிறார்கள். நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள செவிலில் அதனால் மே மாதக் கடைசியில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 2.20 மணி அளவில்தான். நான்கு மணிக்கு மேல் வெயில் தாழ்ந்துவிடும், கடற்காற்று வந்துவிடும் என்ற சென்னைக் கணக்கு அங்கே செல்லாது; ஐந்து, ஆறு மணிக்குத்தான் வெப்பம் மிகுந்திருக்கும். காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுகிறது, உடல் நீர் இழப்பதே தெரிவதில்லை. மாமனார் தாகமில்லை என்று சொன்னாலும் மணிக்கொரு முறை தண்ணீர் கொடுங்கள். இதற்கு ஈடாக, இரவு ஒன்பதரை மணி வரை பகல் வெளிச்சம் இருக்கும். ஆகவே அந்த நாளைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் உறங்கிவிடுங்கள்.

காலையில் முதலில் அல்காசர் அரண்மனை. இணையத்தில் முன்கூட்டியே நேரம் குறித்து நுழைவுச்சீட்டு வாங்கி, ஒன்பதரை மணிக்குத் திறக்கும்போதே உள்ளே சென்றுவிடுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். பட்டியலில் ஓரிடத்தை மட்டுமே பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உள்முற்றத்தில் முதலாம் பேத்ரோ மன்னர் கட்டிய அரண்மனையின் முகப்பைச் சற்று நின்று, அண்ணாந்து பாருங்கள். மேலே நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் ‘இறைவனன்றி வெற்றியாளர் எவருமில்லை’ என்ற கிரனாடா சுல்தான்களின் அரபு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சுற்றி, இந்த அரண்மனையைக் கட்டியவர் கிறிஸ்தவ மன்னர் பேத்ரோ என்ற செய்தி காஸ்தில் மொழியில் (அதாவது பழைய ஸ்பானிய மொழியில்), 1364ஆம் ஆண்டுக்குரிய குறிப்போடு பொறிக்கப்பட்டிருக்கிறது. வேறு சமயத்தைச் சேர்ந்த சுல்தான்களின் கலையை ஓர் அரசர் தம் வீட்டு வாசலிலேயே விரும்பி வைத்துக்கொண்டார் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். எட்டு வயதில் அது நன்றாகவே புரியும். உள்ளே கன்னியர் முற்றத்தில் நீண்ட நீர்த்தொட்டியும், அதன் இருபுறமும் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி அமைத்த தோட்டமும், சரிகை போல் குடைந்த சுண்ணச் சாந்து வளைவுகளும் உள்ளன. பின்புறத் தோட்டங்களில் மயில்கள் உலவுகின்றன. பெரியவர்களை நிழலில் அமர்த்திவிட்டு, குழந்தையோடு நீங்கள் நிதானமாகச் சுற்றிவரலாம்.

எதிரிலேயே இருக்கும் பேராலயத்துக்குப் பதினொன்றரை மணி வாக்கில் சென்றால், வெயில் ஏறும் நேரத்தில் குளிர்ந்த கல் மண்டபத்துக்குள் இருப்பீர்கள். உலகின் மிகப்பெரிய கோதிக் பேராலயம் இதுதான். பழைய பள்ளிவாசல் இருந்த இடத்தில் இதைக் கட்டுவதென 1401இல் முடிவெடுத்தவர்கள், பள்ளிவாசலின் மினாராவையும் (தொழுகைக்கு அழைக்கும் கோபுரம்) முற்றத்தையும் மட்டும் விட்டுவைத்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மினாராதான் இன்று ஹிரால்டா என்னும் மணிக்கோபுரம். அதன் உள்ளே பெரும்பகுதி உயரத்துக்குப் படிக்கட்டே கிடையாது. 35 சரிவுப் பாதைகள் மூலைக்கு மூலை திரும்பி மேலே செல்கின்றன. தொழுகைக்கு அழைப்பவர் குதிரை மேலேறிச் செல்வதற்காக அப்படி அமைத்தார்கள் என்று சொல்வார்கள். உச்சியில் மட்டும் சில படிகள் உண்டு. மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சரிவுப்பாதை படிக்கட்டைவிட எளிதுதான், ஆனால் இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் விழும். உங்கள் மாமியார் ஐந்தாறு திருப்பங்கள் வரை மட்டும் ஏறி, சாளரத்தின் வழியே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் போதுமானது. வெளியேறும் வழியில் உள்ள ஆரஞ்சு மர முற்றத்தில், ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு நீர் ஓடுவதற்காகச் செங்கல் தரையில் வெட்டிய குறுகலான வாய்க்கால்களைக் கவனியுங்கள். பழத்தைப் பறித்துச் சுவைக்க வேண்டாம், கடுங்கசப்பு. அதை மார்மலேடுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று காலை வழிபாடு நடப்பதால் பயணிகளைப் பிற்பகலில்தான் பேராலயத்துக்குள் விடுகிறார்கள். வாசலில் சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்துவிட்டுப் பிறகு பணம் கேட்பார்கள். பெரியவர்கள் பிரசாதம் வாங்குவது போலக் கை நீட்டிவிடாமல் இருக்க முன்பே சொல்லிவையுங்கள்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, பிறகு அறைக்குத் திரும்பி உறக்கம். ஊரே கடைகளைச் சாத்திவிட்டு ஓய்வெடுக்கும் நேரம் அது, எனவே நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. ஏழு மணிக்கு மேல் டாக்சியில் பிளாசா தே எஸ்பான்யாவுக்குச் செல்லுங்கள். 1929இல் நடந்த ஐபீரிய-அமெரிக்கக் கண்காட்சிக்காக அனிபால் கொன்சாலெஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அரைவட்டச் சதுக்கம் இது. அதன் சுவர் நெடுக, ஸ்பெயினின் மாகாணங்களுக்குத் தனித்தனியே ஓடு பதித்த இருக்கைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அந்த மாகாணத்தின் வரைபடமும் அதன் வரலாற்றுக் காட்சி ஒன்றும் வண்ண ஓடுகளில் தீட்டப்பட்டிருக்கின்றன. சித்தப்பா வாழும் மாட்ரிட்டின் இருக்கையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். சதுக்கத்துக்குள்ளேயே வாய்க்காலில் வாடகைத் துடுப்புப் படகுகள் உண்டு; படகு விடுவதை நிறுத்தும் நேரத்தைச் சென்றதும் விசாரித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள மரியா லூயிசா பூங்காவின் நிழலில் மாமனார் வேண்டுமளவு அமர்ந்திருக்கலாம்.

பட்டியலில் மீதமுள்ள ஒன்பது இடங்களை விட்டுவிடுங்கள். திரியானா பகுதியும், குவாதல்கிவிர் ஆற்றங்கரையின் தங்கக் கோபுரமும் அழகானவைதான். ஆனால் மூன்று தலைமுறையினர் ஒன்றாகச் செல்லும் நாளில் யார் மிக மெதுவாக நடப்பாரோ அவருடைய வேகத்தில்தான் திட்டமிட வேண்டும். அந்த வேகத்துக்கு இந்த மூன்று இடங்களே சரியாக இருக்கும்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள். ஸ்பெயினில் பட்டினி கிடக்க நேருமா? வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோகலாம்?
– வாசகர், நங்கநல்லூர், சென்னை

பதில்: பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பன்றி இறைச்சியான ‘ஹமோன்’ அங்கே அலங்காரத்துக்குத் தூவும் பொருள் போலப் பல உணவுகளில் வந்துவிடும். இறைச்சி வேண்டாம் என்று சொன்ன பிறகும் சாலட்டில் சூரை மீன் வரலாம். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் வெவோ’ (இறைச்சி, பன்றி இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

செவிலுக்கே உரிய ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ உங்களுக்குப் பொருந்தும். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் பூண்டு, சீரகம், ஆலிவ் எண்ணெயோடு சேர்ந்த அந்த உணவு நம் நாக்குக்கு அந்நியமாகவே தோன்றாது. தக்காளியை அரைத்துச் செய்யும் குளிர்ந்த கஸ்பாச்சோ வெயிலுக்கு இதம். ஆனால் அதைப் போலவே தோன்றும் சால்மோரெஹோவின் மேல் முட்டையும் ஹமோனும் இடுவது வழக்கம். ‘தோர்தியா’ என்னும் உருளைக்கிழங்கு அடையில் முட்டை உண்டு. மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிழிந்து பொரிக்கும் சுர்ரோஸ் குழந்தைகளுக்குப் பிடிக்கும். பெரும்பாலான உணவகங்களில் நான்கரையிலிருந்து எட்டரை மணி வரை அடுப்பு எரியாது. மாலைப் பசிக்குப் பழமோ ரொட்டியோ கையில் வைத்திருங்கள்.

புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தேங்காய் சேர்க்காத தக்காளித் தொக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். பால்கோவா, நெய் இனிப்புகள் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவர அனுமதி இல்லை. தயிர்சாதத்துக்கான சர்க்கரை சேர்க்காத தயிர் அங்குள்ள சூப்பர் மார்க்கெட்டுகளிலேயே கிடைக்கும்.

கேள்வி: செவில் பேராலயத்தில் கொலம்பஸின் கல்லறை இருப்பதாகப் படித்தேன். டொமினிக்கன் குடியரசிலும் இருக்கிறது என்கிறார்களே, எது உண்மை?
– வாசகர், தாம்பரம்

பதில்: 1506இல் வல்லாதோலித் நகரில் இறந்த கொலம்பஸின் உடல் எச்சம் செவிலுக்கும், பிறகு கடல் கடந்து சாண்டோ டொமிங்கோவுக்கும், 1795இல் ஹவானாவுக்கும் சென்று, கியூபாவை ஸ்பெயின் இழந்தபோது மறுபடி செவிலுக்கு வந்தது. ஆனால் 1877இல் சாண்டோ டொமிங்கோ பேராலயத்தில் அவருடைய பெயர் பொறித்த ஈயப்பெட்டி ஒன்று எலும்புகளோடு கிடைத்ததால்தான் இந்தச் சர்ச்சை எழுந்தது. செவிலில் இருப்பவை கொலம்பஸின் எலும்புகளே என்று மரபணுச் சோதனைகளின் அடிப்படையில் ஸ்பானிய ஆய்வாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவை மிகச் சொற்பமான துண்டுகளே என்பதால், மீதி சாண்டோ டொமிங்கோவிலேயே தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. செவிலில் காஸ்தில், லெயோன், அரகோன், நவார்ரா ஆகிய நான்கு அரசுகளைக் குறிக்கும் ஆளுயர உருவங்கள் அவருடைய பேழையைத் தோளில் சுமந்து நிற்கின்றன. அது பேராலயத்தின் தெற்கு வாசலருகே இருக்கிறது.