ரெட்டா, பிரௌனா, புளூவா? கீபோர்டு சுவிட்ச் கேள்வி பதில்

பல வருடமாக மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் சுவிட்சுகளைக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றி, கிரீஸ் தடவி மாட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே சுவிட்ச் ஒத்துவராது என்பதால், என் விருப்பம் எது, பொதுவான உண்மை எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். கேளுங்கள்.

அண்ணா, முதல் தடவை மெக்கானிக்கல் வாங்கப் போகிறேன். ரெட், பிரௌன், புளூ மூன்றும் இருக்கிறது. எதை எடுக்க?

தம்பி, நிறம் என்பது சுவிட்சின் நடுத்தண்டுக்கு ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் போட்ட வண்ணம், அவ்வளவுதான். ரெட் லீனியர், மேலிருந்து கீழே வழவழவென்று போகும். பிரௌனில் நடுவே ஒரு சின்ன மேடு. புளூவில் மேட்டோடு 'டிக்' சத்தமும் வரும். செர்ரியின் இந்த எம்எக்ஸ் வடிவத்தின் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே அச்சில் நூற்றுக்கணக்கில் செய்கின்றன, ஒருவரின் மஞ்சளுக்கும் இன்னொருவரின் மஞ்சளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. அதனால் முதலில் ஹாட்-ஸ்வாப் போர்டாகப் பார்த்து வாங்குங்கள். பிடிக்காவிட்டால் சுவிட்சை மட்டும் பிடுங்கி மாற்றலாம், சால்டரிங் வேண்டாம். இப்போதைக்குக் கேட்டரான் யெல்லோ போதும். விலை குறைவு, லீனியர், ரெட்டைவிடக் கொஞ்சம் கனம்.

கீயை அழுத்த 45 கிராம், 60 கிராம் வேண்டும் என்கிறார்களே, விரலுக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறதே, 2006 வரை வந்த வெள்ளை நிறத்தது, ஒன்று 9 கிராம். ஒரு கீயின் மேல் அதை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். செர்ரி ரெட் 45 கிராம் வாக்கில் எழுத்தைப் போடும், அதாவது ஐந்து நாணயம். செர்ரி பிளாக்குக்கு ஏழு வேண்டியிருக்கும். இரண்டு நாணய வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், ஆனால் ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை தட்டுகிறவரின் சுண்டுவிரலைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், இது எழுத்து விழும் இடத்தின் கணக்கு மட்டும்தான். அது 2 மி.மீ. ஆழத்திலேயே விழுந்துவிடுகிறது, முழு ஆழம் 4 மி.மீ. நம்மில் பெரும்பாலானவர்கள் அடிவரை குத்துகிறோம், கைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரௌனை டாக்டைல் (விரலுக்கு மேடு தெரியும் வகை) என்றே சொல்லக்கூடாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஆறு வருடமாக பிரௌன்தான் பயன்படுத்துகிறேன், வருத்தமாக இருந்தது.

அப்படி எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். பிரௌனில் மேடு இருக்கிறது, ஆனால் மெதுவாக அழுத்தினால்தான் தெரிகிறது, வேகமாக அடிக்கும்போது அது உரசல் போலத்தான் என் விரலுக்குப் படுகிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரைத் தொந்தரவு செய்யாமல் நாள் முழுக்க அடிக்க அது நல்ல சுவிட்ச், உங்கள் ஆறு வருடமே சாட்சி. எனக்கு வேண்டியது வேறு. மேடு ஆரம்பத்திலேயே, விரல் வைத்தவுடனே வர வேண்டும், உருண்டையாக வர வேண்டும். ஹோலி பாண்டா என்று ஒன்று இருக்கிறது, அதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பாண்டா என்ற சுவிட்சை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஹாலோ என்ற இன்னொரு சுவிட்சின் மேடு அதன் சொந்தக் கூட்டுக்குள் சுமாராகத்தான் இருந்தது. ஆர்வலர்கள் ஹாலோவின் தண்டை எடுத்து பாண்டாவின் கூட்டுக்குள் போட்டார்கள், அந்த அழுத்தமான மேடு பிறந்தது. தண்டு, கூடு, ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்துதான் சுவிட்ச் என்பதை எனக்குப் புரிய வைத்தது அதுதான்.

சுவிட்சுக்கு லூப் (மசகு கிரீஸ்) போடுவது அவசியமா?

கரகரப்பு இருந்தால் அவசியம். லீனியருக்கு கிரைடாக்ஸ் 205ஜி0, தூரிகையில் மெல்லிய படலமாக. டாக்டைலுக்கு டிரைபோசிஸ் 3203 போல இன்னும் இளகியது போதும், தண்டின் கால்களில் தடவாதீர்கள், மேடு மழுங்கிவிடும். புளூ போல டிக் சத்தம் போடும் கிளிக்கி சுவிட்சைத் திறக்கவே வேண்டாம். நான் முதல் தடவை 87 கீக்கும் தாராளமாக அப்பினேன், சேற்றில் கால் வைத்தது போல ஆகிவிட்டது, எல்லாவற்றையும் கழுவ இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கேம் ஆடுகிறேன். ஹால் எஃபெக்ட் வாங்கினால் சாதாரண சுவிட்சையும் அதில் போடலாமா?

பெரும்பாலான போர்டுகளில் முடியாது. சாதாரண சுவிட்சில் உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும், இதில் தண்டில் காந்தம், போர்டில் உணரி, தொடுதலே இல்லை. அதனால் எந்த ஆழத்தில் எழுத்து விழ வேண்டும் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம், விரலைக் கொஞ்சம் தூக்கினாலே கீ விடுபட்டதாக எடுத்துக்கொள்ளும். ஆட்டத்துக்கு இது உண்மையிலேயே உதவும். ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட போர்டுகள் பலவற்றில் இருக்கும், எதிரெதிர் திசைக் கீகளை ஒன்றாக அழுத்தினால் தானாகச் சரிசெய்யும் வசதியை 2024 ஆகஸ்ட்டில் வால்வ் நிறுவனம் கவுன்டர்-ஸ்டிரைக் 2-இன் தன் சர்வர்களில் தடை செய்துவிட்டது. அதை அணைத்துவிட்டு ஆடுங்கள்.

ஐபிஎம் மாடல் எம் கீபோர்டுதான் எல்லாவற்றுக்கும் தாத்தா என்கிறார் என் மாமா.

மாமா சொல்வதில் பாதி சரி. 1985-இல் வந்தது, ஸ்பிரிங் மடங்கும் சத்தம் அருமை. ஆனால் அதற்கு முந்தைய மாடல் எஃப் இன்னும் இனிமை. அமெரிக்காவில் யூனிகாம்ப் இன்றும் மாடல் எம் வகையைச் செய்கிறது.

நான் தமிழ் 99 கீ அமைப்பில் தட்டச்சு செய்கிறேன். புளூ வாங்கியதிலிருந்து 'அம்மா', 'பக்கம்' எல்லாம் சில நேரம் தவறாக விழுகிறது. கீபோர்டு கெட்டுவிட்டதா அக்கா?

கெடவில்லை. (அக்கா இல்லை, அண்ணன்.) தமிழ் 99-இல் ஒரே மெய்யெழுத்துக் கீயை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வந்துவிடும், அதனால் ஆங்கிலத்தைவிட ஒரே கீயை அடுத்தடுத்து அடிப்பது மிக அதிகம். செர்ரி புளூவில் எழுத்து விழுகிற இடம் கீழே, கீ விடுபடுகிற இடம் அதற்குக் கணிசமாக மேலே. விரல் பாதிதான் எழும்பியிருந்தால் இரண்டாவது தட்டு கணக்கில் வராது, 'அம்மா' எழுதப் போய் 'அமா' வரும். லீனியரில் இந்த இரண்டு இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சத்தம்தான் வேண்டுமென்றால் கைல் பாக்ஸ் ஒயிட் சுவிட்ச் ஒரு கைப்பிடி அளவு வாங்குங்கள், அதில் டிக் சத்தம் ஒரு சின்ன கம்பியிலிருந்து வருகிறது, கீ அவ்வளவு தூரம் ஏறி வர வேண்டியதில்லை. உங்கள் போர்டு ஹாட்-ஸ்வாப் என்றால் வலது கையிலுள்ள மெய்யெழுத்துக் கீகளுக்கு மட்டும் மாற்றி ஒரு வாரம் அடித்துப் பாருங்கள். என்ன ஆனது என்று கட்டாயம் வந்து சொல்லுங்கள்.