உடம்பு கோவில் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? மறைக்கல்வி டீச்சரிடம் கேள்வி பதில்

வேலை நர்ஸ். ஞாயிறு பூசை முடிந்ததும் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (கத்தோலிக்க விசுவாசப் பாடம்) எடுக்கிறேன், இருபது வருடமாகிறது. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், 'விபசாரம் செய்யாதே' என்ற ஆறாம் கட்டளை பாடம் வந்தாலே பையன்கள் சிரிக்கிறார்கள், பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எங்கே தொடங்குவது? (மறைக்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி)

ஆறாம் கட்டளையில் தொடங்காதீர்கள் சார். 'செய்யாதே' என்று ஆரம்பித்தால் உடம்பு என்றாலே பாவம் என்று மனதில் பதிந்துவிடும். நான் முதல் வகுப்புக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஃபோட்டோவை எடுத்துவரச் சொல்வேன். அன்றைக்கு ஃபாதர் உனக்கு என்னவெல்லாம் செய்தார் என்று கேட்பேன். நெற்றியில் சிலுவை, நெஞ்சில் எண்ணெய், தலையில் தண்ணீர், உச்சியில் கிறிஸ்மா தைலம். உறுதிப்பூசுதலில் மறுபடி நெற்றி. நோயில்பூசுதலில் நெற்றியும் கைகளும். கடைசியில் சவப்பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுகிறோம். பலிபீடத்துக்குக் காட்டுகிற அதே தூபம்! இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு 1 கொரிந்தியர் 6:19-ஐத் திறந்தால், உடல் தூய ஆவியின் கோவில் என்று பவுல் சொல்வது அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

உங்கள் தயாரிப்புக்கு, திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைகளில் தந்த உடலின் இறையியல் உரைகளைப் படியுங்கள். கடினமானவைதான். அவற்றை அப்படியே வகுப்பில் ஒப்பிக்க வேண்டாம்.

ஆன்மாதானே முக்கியம்? உடம்பு ஒருநாள் மண்ணுக்குப் போகிற கூடுதானே? (ஒரு தந்தை, மதுரை)

அப்படியானால் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் 'உடலின் உயிர்ப்பை' நம்புவதாக ஏன் சொல்கிறோம் அண்ணா? உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டினார். ஆகஸ்ட் 15 அன்று அன்னை மரியா ஆன்மாவோடு மட்டுமல்ல, உடலோடும் விண்ணகம் சென்றதைத்தான் கொண்டாடுகிறோம்.

மாதவிடாய் நாளில் நற்கருணை வாங்கக்கூடாது, வாசகம் வாசிக்கக்கூடாது என்று பாட்டி சொல்கிறார். உண்மையா டீச்சர்? (10-ஆம் வகுப்பு மாணவி)

இல்லைம்மா. திருச்சபையில் அப்படி ஒரு தடை கிடையாது. தாராளமாகப் போய் வாங்கு, வாசி. மாற்கு 5-ஆம் அதிகாரத்தைப் பாட்டியோடு உட்கார்ந்து படி. 12 வருடம் இரத்தப்போக்கால் வாடிய பெண் கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் ஆடையைத் தொட்டாள். அவர் விலகிப் போகவில்லை, 'மகளே' என்று கூப்பிட்டார். திருத்தந்தை பெரிய கிரகோரியிடம் 1400 வருடங்களுக்கு முன்பே இதே கேள்வி இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்த நாட்களில் கோவிலுக்கு வருவதையும் நற்கருணை வாங்குவதையும் தடுக்கக்கூடாது என்றுதான் அவர் பதில் எழுதினார். பாட்டியிடம் கோபப்படாதே. அவர்களுக்குச் சின்ன வயதில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

15 வயது மகன் போனில் ஆபாசப் படம் பார்ப்பதைக் கண்டுபிடித்தோம். அவன் அப்பா பெல்ட்டை எடுத்துவிட்டார். என்ன செய்வது? (ஒரு தாய்)

முதலில் அடியை நிறுத்துங்கள் அக்கா. அவன் உடம்பும் கோவில்தான். பெல்ட் எடுத்த கையோடு அந்தப் பாடத்தை நடத்த முடியாது. கோபம் தணிந்ததும் அப்பாவே அவனிடம் பேசட்டும். பருவ வயதில் ஆசை வருவது கடவுள் படைத்தபடி என்றும், திரையில் இருப்பவளும் ஒரு வீட்டுப் பிள்ளை, அவளை ஒரு பொருளாகப் பார்க்கப் பழகினால் நாளைக்கு மனைவியையும் அப்படித்தான் பார்ப்பாய் என்றும் சொல்லட்டும். இரவில் வீட்டிலுள்ள எல்லாருடைய போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடலாம், இழுத்துப் போகாதீர்கள். போய்விட்டு வந்தால் என்ன சொன்னாய் என்று கேட்கவே கூடாது.

எல்லார் உடம்பும் கோவில் என்றால் எங்கள் கல்லறையில் மட்டும் ஏன் சாதிக்கொரு பக்கம்? (9-ஆம் வகுப்பு மாணவன்)

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. தமிழகத்தில் சில பங்குகளில் (ஊர்க் கோவில் சமூகங்களில்) இன்னும் இது நடக்கிறது. ஒரே தண்ணீரில் முழுக்கு வாங்கிய உடல்களை மண்ணுக்குள் பிரிப்பது பாவம். உன் பங்குத்தந்தையிடமும் இதைக் கேள். தனியாகப் போகாதே, உன் வகுப்பையும் கூட்டிக்கொண்டு போ.

ஒரு பிள்ளை, 'ஒருத்தர் என்னைத் தப்பாகத் தொடுகிறார்' என்று சொன்னால்? (மறைக்கல்வி ஆசிரியை)

பங்குக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். அந்த ஆள் உறவினரோ, ஆசிரியரோ, குருவோ, யாராக இருந்தாலும் சரி. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். இதற்கெல்லாம் முன்னால் அந்தப் பிள்ளையின் காதில் விழ வேண்டியது: "நீ சொன்னது நல்லது. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை."