மட்டையின் வளைவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எட்டு ஆண்டுகளாக ஹாக்கி ஆடிவருகிறேன். என் இடம் நடுக்களம். சென்ற பருவத்திலிருந்து அணியின் பெனால்டி கார்னர்களில் (கோலருகே எதிரணி செய்யும் தவறுக்குக் கிடைக்கும் வாய்ப்பு) டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையோடு இழுத்துவந்து சுண்டி எறியும் ஷாட், எடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை கடையில் கிடைத்த மட்டையையே வாங்கி ஆடியவள், இப்போது முதன்முறையாக என் அளவுக்குச் செய்து தருமாறு ஒரு தயாரிப்பாளரிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவர்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது. நீளம், எடை, எடை எந்தப் பக்கம் சாய வேண்டும், வளைவு எவ்வளவு, அதன் உச்சி எங்கே, கார்பன் எத்தனை சதவீதம், தலையின் வடிவம், கிரிப்பின் தடிமன் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள்.

என் பயிற்சியாளர், "லோ பௌ, 95 சதவீத கார்பன், யோசிக்காமல் எழுது" என்கிறார். லோ பௌ என்றால் தலைக்கு அருகே ஆழமாக வளைந்த மட்டை. உடன் ஆடும் தோழிகளோ, அந்த மட்டையில் ஹிட் அடித்தால் பந்தெல்லாம் மேலே கிளம்பும் என்கிறார்கள். இரண்டு மட்டைகள் செய்துகொண்டு, கார்னருக்கு மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன என்றும் தோன்றுகிறது. என் உயரம் 165 சென்டிமீட்டர். இப்போது என்னிடம் இருப்பது 36.5 அங்குல மட்டை. எடை 535 கிராம் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை. கார்னருக்கென்று தனி மட்டை வைத்துக்கொள்ள முடியாது. பெனால்டி கார்னர் வழங்கப்பட்டதிலிருந்து அது முடியும்வரை, கையில் இருக்கும் மட்டை விதிகளுக்குப் பொருந்தாத நிலைக்குச் சேதமானாலொழிய, அதை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் விதி. அந்த நேரத்தில் ஆட்டக்காரரை மாற்றி இறக்கவும் முடியாது. தற்காப்பு அணியின் கோல்கீப்பர் காயமுற்றாலோ இடைநீக்கம் செய்யப்பட்டாலோ மட்டும் அதற்கு விலக்கு உண்டு. ஆக, ஃபிளிக் எடுக்கப்போகும் மட்டையும், அதற்கு முந்தைய பத்து நிமிடம் நீங்கள் நடுக்களத்தில் பந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த மட்டையும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். படிவத்தில் நீங்கள் எழுதப்போவது இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையிலான ஒரு பங்கீடுதான்.

பங்கீடு என்றால் எது எத்தனை என்று தெரிய வேண்டும். படிவத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று ஆட்டங்களில் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு தோழியை உட்காரவைத்துக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பந்துகளை வாங்கி நிறுத்தினீர்கள், எத்தனை புஷ் (தள்ளுவது), எத்தனை ஹிட் (ஓங்கி அடிப்பது), எத்தனை ஸ்லாப் (தரையையொட்டி வீசி அடிப்பது), ரிவர்ஸில் (மட்டையைப் புரட்டிப் பிடித்து) எத்தனை, டேக்கிள் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எத்தனை, டிராக் ஃபிளிக் எத்தனை என்று கோடு போட்டாலே போதும். 60 நிமிட ஆட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் கணக்கு எப்படியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. வாங்குவதும் கொடுப்பதும் பக்கத்தை நிரப்பியிருக்கும், ஃபிளிக் ஓர் ஓரத்தில் சில கோடுகளாக நிற்கும். அந்தச் சில கோடுகள்தான் ஆட்டத்தை வெல்லும் என்று உங்கள் பயிற்சியாளர் சொல்வார். அதில் தவறில்லை. ஆனால் நடுக்களத்தில் பந்து கைநழுவிக்கொண்டே இருந்தால் கார்னர் கிடைக்கும் இடத்துக்கு அணி போய்ச் சேராது.

இனி வளைவு. படிவத்தில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். மற்றவற்றில் சற்றுப் பிசகினாலும் கை சில வாரங்களில் பழகிவிடும்; வளைவில் பிசகினால் ஆட்டமே மாறிவிடும். லோ பௌ மட்டை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அது யாருக்கானது என்பதும் புரியும். பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஹிட்டாக அடித்தால், பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோலின் அடிப்பலகை உயரத்துக்குள், கோட்டைக் கடக்க வேண்டும். ஃபிளிக்குக்கும், பந்தை அள்ளி எறியும் ஸ்கூப்புக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆபத்தாக இல்லாதவரை எந்த உயரத்திலும் போகலாம். கோலின் மேல்மூலைகளைத் திறந்துவிட்ட இந்த வேறுபாட்டினால்தான் டிராக் ஃபிளிக் வளர்ந்தது. அந்த ஃபிளிக்கில் பந்து மட்டையோடு ஒட்டியபடி நீண்ட தூரம் இழுபட்டு வந்து இறுதியில் சுண்டி எறியப்படுகிறது. தண்டின் வளைவு ஆழமாகவும், தலைக்கு அருகிலும் இருந்தால் பந்து அந்தக் குழிவில் உட்கார்ந்து கூடவே வரும். இதைக் கண்டுகொண்ட தயாரிப்பாளர்கள் வில்லைப்போல வளைத்துக்கொண்டே போனார்கள். பந்தின் வேகமும் உயரமும் அச்சமூட்டும் அளவுக்குப் போகவே, 2006-இல் வளைவின் ஆழத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வரம்பு வந்தது. அதன் பிறகு, வளைவின் உச்சி மட்டைத்தலையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்கும் கீழே வரக்கூடாது என்ற வரம்பும் சேர்ந்தது.

எனவே இன்று லோ, மிட், ஸ்டாண்டர்ட் என்று எந்தப் பெயரில் விற்றாலும், பேச்சு ஆழத்தில் ஒருசில மில்லிமீட்டரையும், உச்சியின் இடத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டரையும் பற்றியதுதான். லோ பௌ என்றால் உச்சி 200-ஐ ஒட்டி இருக்கும். மிட் பௌ என்றால் 250-ஐ ஒட்டி. நேரான மட்டைகளில் 300-ஐ நெருங்கும், ஆழமும் 20 அளவுக்குக் குறையும். இந்தப் பெயர்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆகவே படிவத்தில் பெயரை எழுதாமல் எண்ணை எழுதுங்கள்.

உங்கள் தோழிகள் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. தலைக்கு அருகே ஆழமாக வளைந்த மட்டையை வழக்கமான கைநிலையில் பிடித்து அடித்தால், பந்தைத் தொடும் நேரத்தில் மட்டைமுகம் சற்றே பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்க்கும். அந்தச் சிறு சாய்வே பந்தைத் தரையிலிருந்து கிளப்பப் போதுமானது. கைகளைப் பந்துக்கு முன்னால் கொண்டுபோய், பந்தைக் காலுக்குச் சற்றுப் பின்னே வைத்து அடித்தால் இதைச் சரிக்கட்டலாம். நின்று நிதானித்து அடிக்கும் தற்காப்பு ஆட்டக்காரருக்கு அது கைவரும். ஓடிக்கொண்டே, எதிராளி ஒருத்தி தோளோடு தோள் உரசிவரும்போது அடிக்க வேண்டிய உங்களுக்கு அந்தத் திருத்தத்துக்கான நேரம் பல வேளைகளில் கிடைக்காது.

இதை நான் பட்டே கற்றேன். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் டிராக் ஃபிளிக்கால் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. 348 சர்வதேச கோல்களோடு அவர் ஓய்வுபெற்றார். அவரைப் பார்த்துக் கிறங்கிப்போன பலருள் நானும் ஒருவன். எங்கள் அணியில் கார்னர் எடுப்பவர்களின் வரிசையில் எனக்கு மூன்றாவது இடம்கூட இல்லை. ஆனாலும் சந்தையில் கிடைத்ததிலேயே அதிகம் வளைந்த மட்டையைத் தேடி வாங்கினேன். அந்தப் பருவம் முழுக்க, தற்காப்பிலிருந்து நான் அடித்த பந்துகளை என் அணியினர் முழங்காலில் வாங்கினார்கள். ஒரு டிராக் ஃபிளிக் எடுக்கும் வாய்ப்பும் எனக்கு வரவில்லை.

உங்கள் நிலை அப்படியல்ல. ஃபிளிக் உங்கள் உண்மையான வேலைகளில் ஒன்று. ஆகவே நேரான மட்டையைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆழம் 24 மில்லிமீட்டர், உச்சி 230-க்கும் 250-க்கும் இடையில் என்று எழுதுவது உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கு முன் கையிலிருக்கும் மட்டையை அளந்துவிடுங்கள். தட்டை முகம் கீழே வரும்படி சமமான மேஜைமீது கவிழ்த்து வைத்தால், மேஜைக்கும் மட்டைக்கும் இடையில் இடைவெளி அதிகமாக இருக்கும் இடமே உச்சி. அந்த இடைவெளியே ஆழம். தலையின் அடியிலிருந்து உச்சிவரை அளந்த எண் 300-ஐ ஒட்டி இருந்தால் ஒரே தாவலில் 230-க்குப் போகாமல் 250-இல் நில்லுங்கள்.

எடையைப் பற்றிப் பலரும் கிராமில் பேசுகிறார்கள். விதி 737 கிராம்வரை அனுமதித்தாலும் இன்றைய மட்டைகள் பெரும்பாலும் 500-க்கும் 560-க்கும் இடையில்தான் இருக்கின்றன. நீங்கள் எழுதிய 535 நடுத்தரமானது. அதை மாற்றவேண்டிய காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே கையில் தெரிவது. பிடியிலிருந்து தொலைவு இரட்டிப்பானால், அதே சில கிராம்கள் சுழற்சிக்குத் தரும் தடை நான்கு மடங்காகும். அதனால்தான் ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று இறகுபோலவும் மற்றொன்று சம்மட்டிபோலவும் இருக்கின்றன. மட்டையை ஒரு விரல்மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்து, தலையின் அடியிலிருந்து அதன் தொலைவை அளந்து, அதே எண்ணைப் படிவத்தில் எழுதுங்கள். தலைப்பக்கம் எடை கூடினால் ஹிட்டுக்கு வலு கூடும். ஆனால் டேக்கிளுக்கு மட்டையை நீட்டி இழுக்கும்போதும், பந்தை இடவலமாக உருட்டும்போதும் மணிக்கட்டு அதற்கு விலை கொடுக்கும். முன்களத்தில் டிரிப்ளிங்கை நம்பி ஆடுபவர்கள் எடையைக் கைப்பக்கம் இழுத்துக்கொள்வது இதனால்தான்.

கார்பன் சதவீதத்தில் உங்கள் பயிற்சியாளரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கார்பன் கூடக்கூட மட்டை விறைக்கும், விறைப்பான மட்டை அடியின் விசையைப் பந்துக்கு அதிகமாகக் கொண்டுசேர்க்கும் என்பதெல்லாம் சரி. அதே விறைப்பு, உங்களை நோக்கி வேகமாக வரும் பந்தையும் திருப்பித் தள்ளும்; கை சற்று இறுகியிருந்தாலும் பந்து ஓரடி தள்ளிப்போய் விழும். ஃபைபர்கிளாஸ் கலந்த மட்டை கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பந்தை அடக்கும். அராமிட் இழை அதிர்வை உள்வாங்கும். மேலும், அந்தச் சதவீதம் விறைப்பின் அளவே அல்ல. இழைகளை எந்தத் திசையில் எத்தனை அடுக்காக வைத்தார்கள், சுவர் எவ்வளவு தடிமன், எந்தப் பிசின் என்பவையெல்லாம் சேர்ந்தே விறைப்பைத் தீர்மானிக்கின்றன. ஒருவரின் 70 இன்னொருவரின் 90-ஐவிட விறைப்பாக இருக்கலாம். வாங்கிக் கொடுப்பதே முதல் வேலையாக உள்ள உங்களுக்கு நடுத்தர விறைப்பு போதும். "பந்து வாங்கும்போது துள்ளக் கூடாது" என்று தயாரிப்பாளரிடம் வாக்கியமாகவே எழுதிக் கேளுங்கள். தொழில் தெரிந்தவருக்கு 95 என்ற எண்ணைவிட அந்த வாக்கியம் அதிகம் சொல்லும்.

நீளத்தில் 36.5-ஐ விடாதீர்கள். ஃபிளிக்குக்காக ஓர் அங்குலம் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. நீண்ட நெம்புகோலால் அவர்களுக்குப் பலனும் உண்டு. உங்கள் உயரத்தில், குனிந்து பந்தோடு திரும்பும்போது அந்தக் கூடுதல் அங்குலம் வயிற்றில் முட்டும். தலையின் வடிவத்துக்கு மிடி, அதாவது நடுத்தர அளவு, என்று எழுதுங்கள். கொக்கிபோல வளைந்த ஹுக் வடிவம் ரிவர்ஸில் பந்தை நிறுத்த அதிகப் பரப்பு தரும் என்றாலும், பந்தைச் சுற்றி மட்டையைச் சட்டென்று புரட்டுவதற்கு அது மந்தம். தண்டில் பள்ளம் வேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். 4 மில்லிமீட்டர் ஆழம்வரை ஒரே சீரான பள்ளத்தை விதி அனுமதிக்கிறது, ஃபிளிக்கில் பந்து வழுக்காமல் வர அது உதவும். வளைவை மாற்றும் அதே நேரத்தில் இதையும் மாற்றினால் எதனால் என்ன நேர்ந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம். கிரிப் உங்கள் உள்ளங்கையின் விருப்பம். ஆனால் கிரிப்பின்மேல் கிரிப் சுற்றும் பழக்கம் இருந்தால், சுற்றிய எல்லாவற்றோடும் சேர்த்து மட்டை 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும் என்பதை மறவாதீர்கள். மேலே சுற்றும் ஒவ்வொரு சுற்றும் நீங்கள் அளந்து எழுதிய சமநிலைப் புள்ளியையும் கைப்பக்கம் நகர்த்தும்.

இடக்கைப் பழக்கமுள்ள வாசகர்கள் சிலர் முன்பு கேட்டிருந்ததால் இடையில் ஒன்று. மட்டையின் தட்டை முகம் இடப்பக்கத்திலேயே இருக்கும், உருண்ட பின்பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது என்பதால், இந்த ஆட்டத்தில் இடக்கை மட்டை என்ற ஒன்று கிடையாது. எத்தனை கட்டங்கள் உள்ள படிவத்திலும் அந்தக் கட்டத்தை நீங்கள் காணமுடியாது.

பயிற்சியாளரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். கணக்கெடுத்த தாளை அவரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்த பின்னும் அவர் லோ பௌதான் என்றால், உங்களைக் கார்னருக்கான ஆளாகவே அவர் வைத்திருக்கிறார் என்று பொருள். அப்போது மட்டையைவிட உங்கள் இடத்தைப் பற்றித்தான் நீங்கள் இருவரும் பேசவேண்டியிருக்கும்.

மட்டை வந்து சேர்ந்ததும், பெயர் சரியாக எழுதியிருக்கிறார்களா, நிறம் கேட்டதுதானா என்று பார்ப்பதற்கு முன்னால், பழையதை அளந்த அதே மேஜைமீது அதைக் கவிழ்த்து வைத்து அளந்து பாருங்கள். உச்சி கேட்ட இடத்தில் இல்லையென்றால், ஒரு பந்துகூட அடிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். அடித்த மட்டையைத் திரும்ப வாங்க எவரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அன்புடன்.