எவ்வளவு இருந்தால் வசதியான குடும்பம்? கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): ஐயா, மாத வருமானம் எவ்வளவு இருந்தால் ஒரு குடும்பத்தை வசதியான குடும்பம் எனலாம்?

பதில்: வருமானத்தை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. 2019 ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினால் சரி நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் 53,333 ரூபாய்தான். மேலே இருக்கும் சிலரின் பெருந்தொகை சராசரியை உயர்த்திவிடுகிறது. வேலை நின்றுபோனால், கடன் கழிந்த கையிருப்பு எத்தனை மாதம் வீட்டை நடத்தும் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

கேள்வி (தலவாக்கலை): நானும் கணவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். எங்கள் இருவர் சம்பளமும் அந்த நடுக் குடும்பத்தினுடையதை விடக் கூடுதலாக வருகிறதே?

பதில்: அம்மா, 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் இருவரும் 25 நாள் பெயர் போட்டால், அதாவது வேலைக்குப் போனால், 67,500 ரூபாய் வரும். ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்ட நாட்டில், 2019 இன் ரூபாயோடு இன்றைய ரூபாயை ஒப்பிடுவது பொருந்தாது; கொழுந்து குறையும் மாதங்களில் 25 நாள் வேலை கிடைப்பதும் நிச்சயமில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் கழியும் 8 வீதத்தோடு தோட்டம் 12 வீதம் சேர்க்கிறது. உங்கள் சொத்துக் கணக்கின் முதல் வரியாக அதை எழுதுங்கள். கடைக்கடனையும், எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்டவேண்டிய தவணைகளையும் அதன் கீழே கழியுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): 7 பேர்ச்சஸ் காணியில் எங்களுக்குத் தனிவீடு கிடைத்துள்ளது. அது சொத்தாகாதா?

பதில்: காணி உறுதிப்பத்திரம் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் ஆகும். உறுதி இல்லாத வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்கலாம். ஆனால் அதை ஈடுவைத்து வங்கிக்கடன் பெறவோ, முறைப்படி விற்கவோ முடியாது. தலைமுறைகளாக உழைத்தும் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அறைக்கு அப்பால் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க எதுவுமில்லாத குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே மலையகத்தில் செல்வத்தைப் பற்றிப் பேசுபவர் சம்பளத்துக்கு முன் காணியைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (நுவரெலியா): அடகிலுள்ள நகையைக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: மீட்கவேண்டிய முதலையும் வட்டியையும் கழித்து, மீதியை மட்டும் சேருங்கள்.

கேள்வி (பதுளை): சுற்றி வளைக்காமல் ஒரு தொகையைச் சொல்லுங்கள், ஐயா.

பதில்: சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் செலவு மாதம் 150,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 இலட்சம் தேவை. நிலையான வைப்புக்கு 8 வீத வட்டி கிடைத்தால் இரண்டேகால் கோடி ரூபாய் அதைத் தந்துவிடும். ஆனால் வட்டி முழுவதையும் செலவழித்தால், விலைவாசி ஏற ஏற முதலின் மதிப்புத் தேய்ந்துகொண்டே போகும். வட்டியில் பாதியை மீண்டும் முதலோடு சேர்ப்பதானால் நான்கரைக் கோடி வேண்டும். குடியிருக்கும் வீட்டையும் நகையையும் நான் இதில் சேர்க்கவில்லை. மாதம் 80,000 ரூபாயில் நிறைவாக வாழும் குடும்பத்துக்கு, இதே கணக்கின்படி, 2 கோடியே 40 இலட்சம் போதும்.